வேலை ஓய்ந்த பிறகு எந்த வீடு? தோட்டமா, கம்பமா, பட்டணமா?



முப்பது நாற்பது ஆண்டுகள் விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போன கால்கள் ஒரு நாள் போகாமல் நிற்கின்றன. அன்று ஆபீசில் மாலை போடுகிறார்கள், கைதட்டுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துக் கிராணி வாசலில் வந்து நின்று தயக்கத்தோடு கேட்கிறார்: "பெரியவரே, வீட்டை எப்போ காலி பண்றீங்க?"

பெரியவர் பதில் சொல்வதில்லை. "பார்ப்போம்" என்று சொல்லி உள்ளே போய்விடுகிறார். அன்றிரவு அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது.

'உடல்நலப் பகுதியில் வீட்டு விஷயம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. அறுபது வயதுக்கு மேல் மாத்திரை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் நாம் குடியிருக்கும் வீடு. வழுக்கும் குளியலறை ஒருவரைப் படுக்கையில் தள்ளிவிடும். மூன்றாவது மாடி ஒருவரை வீட்டுக் கைதியாக்கிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்காத இடம் உயிரையே வாங்கிவிடும். ஆகவே இந்த மாதம் வீட்டைப் பற்றியே பேசுவோம்.

நம் வீடு நம்முடையதல்ல

முதலில் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத் தரச் சட்டம், அதாவது 446ஆம் எண் சட்டம், வேலையில் இருக்கும் தொழிலாளிக்கு முதலாளி தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வேலை முடிந்தவருக்கு அந்த வீட்டை அது சொந்தமாக்கித் தருவதில்லை.

கோலக்கங்சாரில் 1877ஆம் ஆண்டு வாக்கில் நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கியது பேராக்கின் ரப்பர் கதை. அதற்குப் பின் நம் பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து காட்டை வெட்டி, கன்று நட்டு, பால் எடுத்தோம். 1950களிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த வேதனையில்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டங்களை வாங்க வழி செய்தார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்களில் வீடமைப்புத் 'தாமான்'கள் எழுந்தன. நம் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் பட்டணத்துக்கும் போய்விட்டார்கள். லயங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடியேறினார்கள்.

எனவே, "என் மகன் தோட்டத்தில் வேலை செய்வான், அவன் பேரில் வீடு இருக்கும், நான் அங்கேயே கண்ணை மூடுவேன்" என்று நம் தந்தையர் நினைத்தது போல் நாம் நினைக்க முடியாது. போவது உறுதி என்றால் எங்கே போவது என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

பெயர் வேண்டாம். எல்லாத் தோட்டத்திலும் இருக்கிற குடும்பந்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம். கணவருக்கு வயது 58. இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. மனைவிக்கு 56, முட்டி வலி. மரம் மரமாகக் குனிந்து நிமிர்ந்த முட்டி வலிக்காமல் என்ன செய்யும்? மகன் ஈப்போவில், நான்கு மாடி மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். மகள் கிள்ளானில் வாடகை வீட்டில்.

கணவர் சொல்கிறார்: "எனக்குக் கம்பத்துல ஒரு சின்ன வீடு போதும். நாலு கோழி, ரெண்டு முருங்கை மரம். பட்டணத்துல மூச்சு முட்டும்."

மனைவி சொல்கிறார்: "நல்லா இருக்குங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களுக்கு நெஞ்சு வலிச்சா கோழியா தூக்கிட்டுப் போகும்?"

இருவர் சொல்வதும் நியாயந்தான். நாட்டுப்புறமா பட்டணமா என்று கேட்டால் இந்தச் சண்டை தீராது. நம் பகுதி சொல்வது இது: இடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், நான்கு தூரத்தைப் பாருங்கள். படுக்கையிலிருந்து கழிவறைக்கு உள்ள தூரம் ஒன்று. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம் இரண்டு. உங்கள் குரலிலிருந்து இன்னொரு மனிதரின் காதுக்கு உள்ள தூரம் மூன்று. உங்கள் பெயரிலிருந்து வீட்டுப் பத்திரத்துக்கு உள்ள தூரம் நான்கு. இந்த நான்கும் குட்டையாக இருக்கும் வீடே முதுமைக்கு நல்ல வீடு.

முதல் தூரம்: படுக்கையும் கழிவறையும்

வயதானவர்களுக்கு வீட்டுக்குள் நடக்கும் பெரிய விபத்து விழுவது. அதுவும் இரவில், கழிவறைக்குப் போகும் வழியில். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். இனிப்புநீர் உள்ளவர் இரவில் பல தடவை எழ வேண்டி வரும். கண்ணில் புரை இருந்தால் படி தெரியாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஈரம் தெரியாது. இவ்வளவும் சேர்ந்த ஒருவர், வீட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி இருக்கும் குளியலறைக்கு இருட்டில் நடந்தால் என்ன ஆகும்? இடுப்பெலும்பு முறியும். முறிந்த இடுப்போடு நீண்ட நாள் படுத்துவிட்டால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். விழுந்தது ஒரு நிமிடம். அதன் பாடு ஆண்டுக்கணக்கில்.

ஆகவே எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் முதலில் கூடத்தைப் பார்க்காதீர்கள், கழிவறையைப் பாருங்கள். அது வீட்டுக்குள் இருக்க வேண்டும். தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும். குந்தி உட்காரும் கழிவறையானால் முட்டி வலிக்காரருக்கு ஆகாது. உட்காரும் பீங்கான் வைக்க இடம் உண்டா என்று பாருங்கள். சுவரில் கைப்பிடிக் கம்பி அடித்துக்கொள்வது பெரிய செலவல்ல. படுக்கையிலிருந்து அங்கே போகும் வழியில் இரவெல்லாம் எரியும் ஒரு சின்ன விளக்கு வேண்டும். எழுந்தவுடன் நடக்காமல், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு நடக்கும் பழக்கமும் வேண்டும்.

இரண்டாம் தூரம்: வீடும் ஆஸ்பத்திரியும்

இந்தத் தூரத்தை மைலில் அளக்காதீர்கள், நேரத்தில் அளங்கள். அதுவும் பகலில் அல்ல, மழை பெய்யும் இரவில் எவ்வளவு நேரம் என்று கணக்கிடுங்கள்.

ஏன் நேரம்? பக்கவாதம் வந்தால், அதாவது வாய் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால், மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தலையைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த வசதி இராது. மாரடைப்புக்கும் அப்படியே, ஒவ்வொரு நிமிடமும் இதயத்தின் தசை செத்துக்கொண்டிருக்கும். "காலையில பார்ப்போம்" என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது கூடாது. 999 எண்ணை அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸ்காரருக்கு வழி சொல்லத் தெரிய வேண்டும். தோட்டத்துக்குள் இருப்பவர்கள் பெரிய ரோட்டிலிருந்து எத்தனையாவது கட்டை, எந்தக் கோவில் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பேராக்கில் நமக்கு ஒரு நன்மை உண்டு. ஈப்போவில் உள்ள ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை மாநிலத்தின் பெரிய ஆஸ்பத்திரி. அதைத் தவிர சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார், தாப்பா, சிலிம் ரிவர், தெலுக் இந்தான், கோலக்கங்சார், தைப்பிங் ஆகிய ஊர்களிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆகவே நல்ல மருத்துவம் வேண்டுமென்றால் ஈப்போவிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. சிறு பட்டணத்தின் ஓரத்தில் வீடு இருந்தால் சாதாரண சிகிச்சை பக்கத்தில் கிடைக்கும், பெரிய சிகிச்சைக்கு ஈப்போ போகலாம்.

இன்னொரு விஷயம். நாட்டில் 2023இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருக்கிறது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம். இனிப்புநீர் முற்றினால் சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் எனும் ரத்தச் சுத்திகரிப்பு வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம். வாரம் மூன்று தடவை தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் காடி பிடித்தால் கையிலிருக்கும் காசெல்லாம் ரோட்டிலேயே கரைந்துவிடும். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் சுத்திகரிப்பு முறையும் உண்டு. அதற்குச் சுத்தமான ஓர் அறையும், கை கழுவ நல்ல குழாய்த் தண்ணீரும், மருந்துப் பைகளை அடுக்க இடமும் வேண்டும். இன்சுலின் ஊசி போடுபவருக்குக் குளிர்பெட்டியும் அறுந்து போகாத மின்சாரமும் வேண்டும். உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தால், வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அதையே முதலில் எண்ணுங்கள்.

தூரத்தைக் குறைக்க அரசாங்க ஏற்பாடுகளும் உண்டு. ஈப்போ ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த தொடர் மருந்தை, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம். தபாலில் அனுப்பும்படியும் கேட்கலாம். மருந்துக் கவுண்டரில் கேட்டால் பாரம் தருவார்கள். மாநிலம் மாறிப் போகிறவர்கள், போவதற்கு முன் டாக்டரிடம் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். கடிதமில்லாமல் போய், "மாத்திரை சிவப்பா சின்னதா இருக்கும் டாக்டர்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

மூன்றாம் தூரம்: குரலும் காதும்

லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். அதை நாம் தொந்தரவு என்று நினைத்தோம். முதுமையில் அதுவே பாதுகாப்பு. விழுந்து கிடப்பவரைப் பக்கத்து வீட்டு அம்மா கஞ்சி கொண்டு வரும்போது பார்த்துவிடுவார். கோவில் திருவிழா, காவடி, சாவு, சடங்கு எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது.

பட்டணத்துக்குப் போன பெரியவர்கள் பலருக்கு முதலில் வருவது உடல் நோய் அல்ல, தனிமை நோய். மகன் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறார், மருமகள் போகிறார், பேரப்பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இரும்புக் கதவைப் பூட்டிவிட்டுப் பெரியவர் தொலைக்காட்சி முன் உட்கார்கிறார். பேச ஆளில்லை. பசி குறைகிறது, தூக்கம் கெடுகிறது, மாத்திரை மறந்து போகிறது. பிள்ளைகள் "வயசாயிடுச்சு" என்கிறார்கள். அது வயதல்ல, மனச்சோர்வு. அதற்கு மருத்துவம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், அதனால் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மரணங்கள் நேர்கின்றன என்றும் சொல்கிறது. எனவே "ஆள் துணை" என்பது ஆடம்பரமல்ல, மருந்து.

ஆனால் எச்சரிக்கை: இன்றைய தோட்டம் அந்தப் பழைய தோட்டமல்ல. பத்து வீட்டில் எட்டு காலியாகி, கோவில் மணியும் நின்று, லயத்தில் நீங்கள் மட்டும் மிஞ்சியிருந்தால் அது ஊர் இல்லை. அங்கே பாம்பும் எலியும்தான் துணை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் புண்ணுள்ள காலை வைத்தால் எலிக்காய்ச்சல் வரும். நினைவிலிருக்கும் தோட்டத்தில் குடியிருக்க முடியாது; இன்றைக்கு இருக்கிற தோட்டத்தில்தான் குடியிருக்க வேண்டும்.

ஞாபக மறதி தொடங்கியவரை இடம் மாற்றுவதில் தனிக் கவனம் தேவை. பழகிய வீட்டில் இருட்டிலும் வழி கண்டுபிடிப்பவர், புது வீட்டில் பகலிலேயே தடுமாறுவார். மாற வேண்டுமானால் புத்தி தெளிவாக இருக்கும்போதே மாறிப் பழகிக்கொள்வது நல்லது.

நான்காம் தூரம்: பெயரும் பத்திரமும்

"இந்த வீட்டிலிருந்து எப்போது போகச் சொல்வார்களோ" என்ற பயத்தோடு தூங்குகிறவருக்கு எந்த மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. எனவே பத்திரமும் உடல்நலந்தான்.

கம்பத்தில் "மலிவா ஒரு துண்டு நிலம்" என்று யாராவது சொன்னால், கிராண்ட் யார் பேரில் இருக்கிறது என்று நில அலுவலகத்தில் விசாரித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் தற்காலிக உரிமத்தில் இருக்கும் நிலம் உங்கள் நிலமல்ல. அடுக்குமாடியானால் பராமரிப்புக் கட்டணம் மாதம் எவ்வளவு, பழைய பாக்கி உண்டா, லிப்ட் உண்டா, இருந்தால் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

ஊழியர் சேமநிதிப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதில் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வேலையில் இருக்கும்போதே வீடு வாங்கவோ வீட்டுக் கடனைக் குறைக்கவோ பணம் எடுக்கலாம். 50 வயதில் அந்தக் கணக்கிலிருந்து எடுக்கவும் வழி உண்டு. 55 வயதில் முழுப் பணமும் எடுக்கலாம். ஆனால் சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60. 55இல் பணத்தை எடுத்துக் கல்யாணத்துக்கும் காடிக்கும் செலவழித்துவிட்டு, 60இல் வீடு தேடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்போது வீடு நம்மைத் தேர்ந்தெடுக்கும். நாம் வீட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பிள்ளையின் வீட்டை விரிவுபடுத்த உங்கள் முழுப் பணத்தையும் கொடுக்குமுன் யோசியுங்கள். பிள்ளை மீது சந்தேகம் வேண்டாம். ஆனால் பிள்ளைக்கே வேலை போகலாம், வீடு ஏலத்துக்குப் போகலாம். கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு கொடுங்கள். சேமநிதி வாரிசுப் பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மனைவி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் செத்துப்போன தகப்பனார் பெயர் இருந்தால் பின்னால் அந்த அம்மாதான் அலைய வேண்டி வரும்.

ஐந்து வழிகள், நன்மையும் தீமையும்

இனி நம் குடும்பத்தை நான்கு தூரத்தாலும் அளந்து பார்ப்போம்.

தோட்டத்திலேயே தங்குவது: பிள்ளை யாராவது தோட்டத்தில் வேலை செய்தாலோ, நிர்வாகம் எழுத்தில் அனுமதி தந்தாலோதான் முடியும். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்; மானேஜர் மாறினால் வார்த்தையும் மாறும். பழகிய இடம், பழகிய முகம் என்பது நன்மை. பத்திரம் இல்லை, ஆஸ்பத்திரி தூரம் என்பது தீமை. சில ஆண்டுகளுக்கு ஆகலாம், கடைசி வரைக்கும் ஆகாது.

கம்பமோ சிறுபட்டணத்து ஓரமோ: நடக்கத் தெம்புள்ள தம்பதிகளுக்கு இது மிகவும் ஏற்றது. தரைவீடு, படி ஏற வேண்டியதில்லை. தோட்டம் போட இடம் உண்டு. கீரையும் முருங்கையும் வீட்டுக் கொல்லையிலேயே கிடைத்தால் இனிப்புநீர்க்காரருக்குச் சாப்பாடும் சீராகும், உடலுக்கும் வேலை கிடைக்கும். ஆனால் வெறுங்காலோடு கொல்லையில் இறங்கக் கூடாது. பஸ் ஓடும் ரோட்டிலிருந்தும், மளிகைக் கடையிலிருந்தும் நடந்து போகும் தூரத்தில் வீடு இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டித்தான் எதற்கும் போக முடியும் என்றால், கண் மங்கும் நாளில் அந்த வீடு சிறையாகிவிடும்.

பட்டணத்து அடுக்குமாடி: ஈப்போவில் ஆஸ்பத்திரி பக்கம், புந்தோங் போன்ற இடங்களில் நம் சனம் பக்கம், கோவில் பக்கம், கடை பக்கம். எல்லாம் நல்லதுதான். ஆனால் மலிவு விலை மாடிகள் பலவற்றில் லிப்ட் கிடையாது. முட்டி வலிக்கார அம்மா மூன்றாவது மாடியில் குடியிருந்தால் ஒரு வருஷத்தில் வெளியே வருவதையே விட்டுவிடுவார். நடக்காத முட்டி இன்னும் இறுகும். பக்கவாதம் வந்தவரை அந்தப் படியில் நாற்காலியோடு தூக்கி இறக்க நான்கு ஆள் வேண்டும். கீழ்வீடு கிடைத்தால் வாங்குங்கள். மேல்மாடிக்காரர் கீழ்வீட்டுக்காரரோடு மாற்றிக்கொள்ளக் கேட்பதிலும் தவறில்லை.

பிள்ளைகளோடு போவது: நம் வழக்கத்தில் இதுதான் முறை. போவதற்கு முன் மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள். பகலில் யார் துணை? ஆஸ்பத்திரிக்கு யார் அழைத்துப் போவது? பெற்றோருக்கென்று ஓர் இடம், கதவு சாத்திக்கொள்ள ஒரு மூலையாவது உண்டா? கூச்சப்பட்டுப் பேசாமல் போய், பிறகு மனக்கசப்பில் திரும்பி வந்தவர்கள் உண்டு. முதலில் ஒரு மாதம், இரண்டு மாதம் தங்கிப் பாருங்கள். தோட்டத்து வீட்டை அதற்கு முன் காலி செய்துவிட வேண்டாம்.

முதியோர் இல்லம்: இந்தச் சொல்லைக் கேட்டாலே நம்மவர்கள் அழுகிறார்கள். பிள்ளையில்லாதவரும், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவரும் பஸ் ஸ்டாண்டில் படுப்பதைவிட இல்லத்தில் இருப்பது ஆயிரம் மடங்கு மேல். அரசாங்கத்தின் 'ரூமா ஸ்ரீ கெனாஙான்' இல்லங்கள் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானிலும் தைப்பிங்கிலும் உண்டு. தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் மனநல ஆஸ்பத்திரியை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது வேறு, இது வேறு. அறுபது வயதுக்கு மேற்பட்ட, உறவும் வீடும் இல்லாத, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடியவர்களுக்கான இல்லம் இது. சமூகநல இலாகா வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்தில், குடும்பமில்லாத பழைய தொழிலாளர்களுக்காக நிர்வாகமே ஓர் இல்லம் கட்டியது. மற்ற நிர்வாகங்களும் இதைப் பார்த்து யோசிக்க வேண்டும்.

தனியார் இல்லமானால், 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி பதிவான இல்லந்தானா என்று சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். முன்னறிவிப்பின்றி மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். மூத்திர வாடை அடிக்கிறதா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள்? கட்டில்களுக்கிடையே காற்றோட்டம் உண்டா? நெருக்கமான இடத்தில் காசநோய் எளிதில் பரவும். அங்கிருக்கும் பெரியவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களா, தரையைப் பார்த்துப் பேசுகிறார்களா? அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எந்த வயதில் என்ன செய்வது?

50 வயதில்: கணவன், மனைவி இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். சேமநிதிக் கணக்கைப் பாருங்கள். வீடு வாங்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். உடலைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு, 40 வயதிலிருந்தே 'பெக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அறுவை சிகிச்சைக்குத் தேவையான செயற்கை மூட்டு, கண்வில்லை போன்றவற்றுக்கும் அத்திட்டத்தில் உதவி கேட்கலாம்.

55 வயதில்: பார்த்து வைத்த ஊரில் சில நாள் தங்கிப் பாருங்கள். மழை நாளில் போங்கள். இரவில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பிடித்துப் பாருங்கள். புரைக் கண்ணையும் கெட்ட பல்லையும் மருத்துவ விடுப்பு இருக்கும்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

60 வயதில்: குடிபோகும்போது மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரி அட்டை, மாற்றுக் கடிதம் மூன்றும் தனிப் பையில் இருக்கட்டும். புது இடத்தில் முதல் வாரத்திலேயே கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். இரண்டு பக்கத்து வீட்டாருக்கும் உங்கள் பிள்ளையின் போன் நம்பர் தெரிய வேண்டும். முதியோர் நடவடிக்கை மையம் பக்கத்தில் இருந்தால் போய்ச் சேருங்கள். வருமானமும் ஆதரவும் இல்லாத மூத்தோருக்குச் சமூகநல இலாகா தரும் மாத உதவி 2025இலிருந்து 600 வெள்ளி. தகுதியுள்ளவர்கள் மாவட்ட அலுவலகத்தில் கேட்க வெட்கப்பட வேண்டாம். நாட்டுக்குப் பால் எடுத்துக் கொடுத்தவர்கள் நாம், இது பிச்சையல்ல.

அந்தக் குடும்பம் என்ன செய்யலாம்?

அவர்களுக்கு நம் யோசனை இது: மூன்றாவது மாடி வேண்டாம், முட்டி ஒத்துக்கொள்ளாது. தோட்டத்துக்கு உள்ளே தொலைவில் தனி வீடும் வேண்டாம், அவருடைய இனிப்புநீருக்கு ஆகாது. சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டி, பஸ் ரோட்டுப் பக்கம், பத்திரமுள்ள ஒரு சிறு தரைவீடு. பின்னால் நான்கு கோழியும் ஒரு முருங்கையும். அவர் ஆசையும் நிறைவேறியது, அந்த அம்மாவின் பயமும் தீர்ந்தது. மகன் ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பிற்காலத்தில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் மறுபடி யோசிக்க வேண்டும். அதையும் இன்றே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பேசினால் சாவு வந்துவிடாது. பேசாமல் விட்டால்தான் மிஞ்சியவர் தவித்துப் போவார்.

உங்கள் குடும்பத்துக்கு வேறு பதில் வரலாம். பதில் எதுவானாலும் நான்கு தூரத்தையும் அளந்து பார்த்து வர வேண்டும், கிராணி வாசலுக்கு வருவதற்கு முன் வர வேண்டும்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிரவு படுத்தபின், விளக்கை அணைத்துவிட்டு, "இப்போ நான் கூப்பிட்டா யார் காதுல விழும்?" என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். வரவில்லையென்றால் நாளைக் காலை பசியாறும்போது வீட்டில் பேச்சைத் தொடங்குங்கள்.